டிஎஸ்எல்ஆர் கேமராவால் ஒரு தொலைதூரக் கோளைப் பிடிப்பது எப்படி

வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளை உங்கள் கேமராவில் படமாகப் பார்க்க முடியாது. ஆனால் அது தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் குறைவதை அளந்துவிடலாம். டிஎஸ்எல்ஆர், 200 அல்லது 300 மி.மீ. லென்ஸ், வானத்தோடு சேர்ந்து திரும்பும் டிராக்கர், இவ்வளவுதான் வேண்டும்.

முதல் இலக்கு எது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது எச்டி 189733 என்ற விண்மீன். சுமார் 64 ஒளியாண்டு தொலைவு. 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட இதன் கோள் வியாழனைப் போன்ற வாயுக் கோள். ஆனால் விண்மீனிலிருந்து ஏறக்குறைய 46 லட்சம் கி.மீ. தூரத்திலேயே சுற்றுகிறது. நம் புதன்கூட சூரியனிடமிருந்து இதைப்போல பத்து மடங்குக்கும் மேல் தள்ளித்தான் இருக்கிறது. இந்த நெருக்கம்தான் நமக்கு வசதி. 2.2 நாளுக்கு ஒருமுறை கடப்பு, அதாவது கோள் விண்மீனுக்குக் குறுக்கே போவது, நடக்கும், வெளிச்சம் 2.4 சதவீதம் குறையும். பூமியைப் போன்ற ஒன்று என்றால் வருடத்துக்கு ஒரு தடவைதான், அதுவும் 0.01 சதவீதத்துக்கும் கீழே.

அபிஜித், திருவோணம், டெனப் என்ற மூன்று விண்மீன்களும் சேர்ந்த முக்கோணத்துக்குள் தேடுங்கள். எம்27 என்ற டம்பெல் நெபுலாவுக்குக் கிழக்கே கால் டிகிரியில், அதாவது முழுநிலவின் பாதி அகலத்தில், இந்த விண்மீன் இருக்கிறது. சோதனைப் படத்தில் எம்27 மங்கலான திட்டாகத் தெரிந்தால் இடம் சரி.

கடப்பு நேரத்தை நாசாவின் எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் தளம் கணித்துத் தரும்; உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் போதும். நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், உங்கள் ஊர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடப்பு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முன்னும் பின்னும் ஒவ்வொரு மணி நேரம் கட்டாயம் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிலிருந்து குறைந்தது என்றே தெரியாது. அந்த நான்கு மணி நேரமும் விண்மீன் 30 டிகிரிக்கு மேலே நிற்கும் இரவாகப் பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம்: ஃபோகஸைக் கலையுங்கள். கூர்மையான படம் எடுத்துப் பழகிய கைக்கு இது கஷ்டம், தெரியும். ஆனால் கூர்மையான விண்மீன் நாலைந்து பிக்ஸலில் குவிந்து, டிராக்கிங் துளி நகர்ந்தாலும் அளவு மாறிவிடும்; பிக்ஸல்கள் சீக்கிரமே வெளிச்சத்தால் நிரம்பியும் போகும். சின்ன வட்டாகப் பரவினால் பல பிக்ஸல்களின் வித்தியாசம் சராசரியாகிவிடும். வட்டு பக்கத்து விண்மீனைத் தொடக்கூடாது, அதுதான் எல்லை. அப்புறம் ஃபோகஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். முடியும்வரை எதையும் தொட வேண்டாம்.

ரா ஃபைல் மட்டும். ஐஎஸ்ஓ 100 அல்லது 200. எக்ஸ்போஷர் ஒரு நிமிடத்தை ஒட்டி இருந்தால் விண்மீன் மினுக்கம் அடங்கும். வட்டின் பிரகாசம் சென்சாரின் உச்சத்தில் பாதியைத் தாண்டினால் குறையுங்கள். கேமரா கடிகாரத்தை முன்பே இணைய நேரத்தோடு சரிசெய்துவிடுங்கள்.

மறுநாள், சிரில் என்ற இலவச மென்பொருளில் பச்சை நிறப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, விண்மீன் பிரகாசத்தை அளக்கும் ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே என்ற மென்பொருளில் திறங்கள். அதே படத்தில் இதே அளவு பிரகாசமுள்ள நாலைந்து விண்மீன்களை ஒப்பீட்டுக்குத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய மேகம் போனால் எல்லாமே ஒன்றாக மங்கும். கோள் குறுக்கே வந்தால் இது ஒன்று மட்டும்தான் மங்கும். பிரகாச வரைபடத்தில் புள்ளிகள் சிதறித் தெரிந்தால் ஐந்தைந்தாகச் சேர்த்துச் சராசரி எடுங்கள். வெளிச்சம் குறைந்த பள்ளம் தெளிவாகத் தெரியும்.

பள்ளத்தின் ஆழம் கோள் மறைக்கும் பரப்பைக் காட்டுகிறது; அது 0.024 என்றால் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.155. கோளின் ஆரம் விண்மீனின் ஆரத்தில் அத்தனை பங்கு. விண்மீனின் ஆரம் சூரியனுடையதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். வியாழனின் ஆரம் சூரியனுடையதில் பத்தில் ஒரு பங்குதான். ஆக, நீங்கள் பிடித்தது வியாழனைவிடச் சற்றுப் பெரிய கோள்.