பீட்டர் ஃபால்க்கை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஐம்பது வருசம் நடித்த இந்த அமெரிக்க நடிகரை முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்க்க உட்காராதீர்கள். மூன்றாவது படத்தில் தூக்கம் வந்துவிடும். எனக்கு வந்தது.

நடுவிலிருந்து பிடியுங்கள். 1971இல் வந்த ‘மர்டர் பை த புக்’, ஃபால்க் கொலம்போ என்ற துப்பறியும் போலீஸ்காரராக நடித்த ‘கொலம்போ’ டிவி தொடரில் ஒன்று. இயக்கியவர் அப்போது 25 வயதுகூட ஆகாத ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கொலைகாரன் யார் என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார்கள். அதனால் இங்கிலீஷ் தெரியாதவர்களையும் பக்கத்தில் உட்கார வைக்கலாம். என் அம்மா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் கித்தா மரம், அதாவது பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, போலீஸ் கண்டுபிடிப்பதற்கு முன்பே “மாட்டிக்கிட்டான் பாரு” என்பார்.

முதல் தடவை கதைக்காகப் பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை அடைத்துவிட்டுக் கதவுக் காட்சியை மட்டும் பாருங்கள். விசாரணை முடிந்தது போலக் கொலம்போ கிளம்புவார். வாசல் வரை போவார். சுருட்டு பிடித்த கையாலேயே நெற்றியைத் தேய்ப்பார். அப்புறம் திரும்பி, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று தொடங்குவார். அப்போது அவரை விட்டுவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைக் கவனியுங்கள். நடிப்பில் பாதி அங்கேதான் தெரியும்.

எங்கள் தோட்டத்துத் தண்டல், அதாவது கங்காணி மாதிரி வேலையை மேற்பார்க்கிறவர், ஒருவரும் இப்படித்தான். பெரட்டு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பு, முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு பத்தடி போவார். திரும்பி நின்று, “ஆமா, நேத்து கடைசி நிரையில எத்தனை மரத்த விட்ட?” என்பார். அம்மாவுக்கு இந்தத் தொடர் பிடித்துப்போனதே அவரால்தான்.

கண்ணையும் பாருங்கள். ஃபால்க்குக்கு மூன்று வயதிலேயே வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். அங்கே இருந்தது செயற்கைக் கண். அந்தச் சுருங்கிய பார்வை அதனால் வந்தது. கொலம்போ போடும் கசங்கிய மழைக்கோட்டும் ஃபால்க்கின் சொந்தக் கோட்டுதான்.

சரி, இனிப் பின்னால் போகலாம். முப்பது வயதை நெருங்கும்வரை அரசாங்க பட்ஜெட் ஆபீசில் வேலை. நடிக்க வந்து 1960இல் ‘மர்டர், இன்க்.’ படத்தில் கொலையாளி, அடுத்த வருசமே ‘பாக்கெட்ஃபுல் ஆஃப் மிராக்கிள்ஸ்’ நகைச்சுவைப் படம். இரண்டுக்கும் ஆஸ்கார் பரிந்துரை. இந்த இரண்டையும் அடுத்தடுத்த ராத்திரியில் போடுங்கள். ஒரே ஆள்தானா என்று தோன்றும்.

1974இல் வந்த ‘எ வுமன் அண்டர் தி இன்ஃபுளுயன்ஸ்’ படத்தைத் தனியாகப் பாருங்கள். ராத்திரி வேலை முடித்த கூட்டாளிகளை எல்லாம் காலையில் வீட்டுக்குக் கூட்டிவந்து ஸ்பகெட்டி சாப்பிட உட்கார வைக்கும் புருசன் அவர். மனைவிக்கு மனசு சரியில்லை. கொலம்போவின் பொறுமையை இந்த ஆளிடம் தேடாதீர்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

1989இல் மறுபடி தொடங்கி 2003 வரை வந்த கொலம்போக்களில் நாலைந்து போதும். பள்ளி விடுமுறைக்கு 1987இன் ‘தி பிரின்சஸ் பிரைட்’ படத்தை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் கிடக்கும் பேரனுக்குக் கதை படிக்கும் தாத்தாவாக வருவார். என் பேரன் இரண்டு தடவை பார்த்தான். அம்மா பாதியில் எழுந்துவிட்டார். “கோட்டு எங்கடா?” என்றார்.