விலை கூடிய நாய்க்குட்டி வாங்குவதை வீட்டில் சொல்வது எப்படி?

மன்னார்குடிக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்தில் நாய் இல்லாத வீடு குறைவு. ஆனால் நாயைக் காசு கொடுத்து வாங்கிய வீடு, எனக்குத் தெரிந்து, எங்களுடையதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 28,000 ரூபாய் கொடுத்து ஒரு லாப்ரடார் குட்டியை வாங்கிவிட்டு, அப்பாவிடம் 5,000 ரூபாய் என்று சொன்னேன். அவர் அதை அப்படியே நம்பி டீக்கடையில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்த பெரியப்பா தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க, “தம்பி அடுத்த வாரமே கொண்டாந்துடுவான்” என்று வாக்குக் கொடுத்து, அவரிடமிருந்து 5,000 ரூபாயையும் கையோடு வாங்கி வந்துவிட்டார். நாய் விற்ற காசு குரைக்குமா என்று கேட்பார்கள். வாங்கிய காசு குரைக்கும் என்பதை அந்தப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். அந்த வாரம் உங்களுக்கு வராமல் இருப்பதற்காக இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: பேசுவதற்கு முன் கணக்கை எழுதுங்கள்

ஒரு தாளில் இரண்டு தொகைகளை எழுதுங்கள். ஒன்று குட்டியின் விலை. மற்றொன்று அது வீட்டில் இருக்கப்போகும் காலத்துக்கான செலவு. புதிதாக வாங்குபவர்கள் முதல் தொகையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என் நோட்டுப் புத்தகத்தில் உலர் தீவனம், முட்டை, கோழிக்கறி, உண்ணி மருந்து எல்லாம் சேர்த்து மாதத்துக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய் என்றிருக்கிறது. ஆண்டுக்கு 36,000 ரூபாய் என்றால் முதல் ஆண்டிலேயே செலவு விலையைத் தாண்டிவிடுகிறது. லாப்ரடார் பொதுவாகப் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். மாடு கட்டிய வீட்டில் இந்தக் கணக்கை விளக்கவே வேண்டியதில்லை. வாங்கும் விலையைவிட வைக்கோலும் தவிடும் பெரிய செலவு என்பது என் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்; அதனால் மாதச் செலவைச் சொன்ன பிறகுதான் அவர் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்.

அதே தாளில் தடுப்பூசி நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நோய்களுக்கான முதல் ஊசியை ஆறிலிருந்து எட்டு வார வயதுக்குள் போட்டு, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் ஊக்க ஊசிகள் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் தொடங்குகிறது. குடற்புழு நீக்க மருந்து தனி. விற்பவரிடம் ரசீதும் தடுப்பூசி அட்டையும் கேட்டு வாங்குங்கள். நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். “ஏமாந்துட்டியாடா?” என்பது வீட்டில் கட்டாயம் எழும் கேள்வி என்பதால், இந்தக் காகிதங்கள் கையில் இருந்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

படி 2: முதலில் யாரிடம் சொல்வது?

பலரும் செய்வது போல நான் அம்மாவிடம் முதலில் சொல்லி, அவர் மூலமாக அப்பாவுக்குச் செய்தி போகும்படி ஏற்பாடு செய்தேன். பள்ளி மதிப்பெண்ணுக்கு இந்த வழி சரிப்படும். பெரிய தொகைக்குச் சரிப்படாது. தொகையைக் கேட்டு அதிகம் வருந்தக்கூடியவர் யாரோ அவர் அதை உங்கள் வாயால், எல்லோருக்கும் முன்பாகக் கேட்க வேண்டும். அடுத்தது, பகல் முழுவதும் குட்டியோடு வீட்டில் இருக்கப்போகிறவர். எங்கள் வீட்டில் அது அப்பாயி. சென்னையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, குட்டியை ஊரில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள், சொல்லப்போவது செய்தி அல்ல, கோரிக்கை என்பதை உணர வேண்டும். முடியாது என்று ஊரில் இருப்பவர்கள் சொன்னால், குட்டியை முன்பதிவு செய்யாமல் விட்டுவிடுவதே நியாயம்.

படி 3: பருவம் பார்த்துச் சொல்லுங்கள்

டெல்டாவில் பணம் மாதச் சம்பளம் போல வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் சம்பா வயலில் மழைநீர் தேங்கி நிற்கும்போதோ, உரத்துக்குக் கடன் வாங்கிய வாரத்திலோ நாயின் விலையைச் சொன்னால், அந்தத் தொகை வேறு எடையில் காதில் விழும். தை, மாசியில் அறுவடை முடிந்துவிட்டது என்று அவசரப்படவும் வேண்டாம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போய்விடுமோ என்று தார்ப்பாயோடு காத்திருப்பவரிடம் எந்தச் செலவைப் பற்றியும் பேசக் கூடாது. நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, இரவுச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்காரும் நேரம் நல்லது. செலவழிப்பது உங்கள் சொந்தச் சம்பளமாகவே இருந்தாலும் இந்தப் பருவக் கணக்கு பொருந்தும். மேட்டூர்த் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்க்கும் வீட்டில் எல்லாப் பணமும் ஒரே பணம்தான்.

படி 4: விலையை முதல் மூன்று வாக்கியங்களுக்குள் சொல்லிவிடுங்கள்

நாய் எவ்வளவு அறிவுள்ளது, வெளிநாட்டில் எப்படியெல்லாம் பழக்குகிறார்கள் என்று அரைமணி நேரம் அடித்தளம் போட்டுவிட்டுக் கடைசியில் விலையைச் சொல்வது, கேட்பவரை ஏதோ விற்பனைப் பேச்சில் மாட்டிவிட்டது போலத்தான் இருக்கும். இப்படித் தொடங்கலாம்: “அப்பா, ஒரு நாய்க்குட்டி வாங்கலாம்னு இருக்கேன். விலை 28,000 ரூபாய். என் சேமிப்புலேர்ந்து குடுக்கிறேன், கடன் இல்லை.” இந்த மூன்றுக்கும் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். வரும் அமைதி நீளமாக இருக்கும். அதை நிரப்ப முயன்றால்தான் “தள்ளுபடியில் கிடைத்தது”, “நண்பன் பாதி கொடுத்தான்” போன்ற பொய்கள் வாயில் வந்துவிடும்.

அந்தக் காசுக்கு நாலு ஆட்டுக்குட்டி வாங்கிவிட்டிருந்தால் அடுத்த ஆண்டு பட்டியே நிறைந்திருக்கும் என்பார்கள். ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள், ஏனெனில் அது உண்மை. நாய் முதலீடு அல்ல. குட்டி போட்டு விற்றுக் காசை எடுத்துவிடலாம் என்று சமாதானம் சொல்லத் தொடங்கினால், நாளை அந்தக் கணக்கையும் கேட்பார்கள். தெருவில் சும்மா கிடைக்கும் குட்டியை எடுத்து வளர்த்தால் என்ன என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நல்ல பதில் இல்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் இனங்களும் இந்த வெயிலுக்குப் பழகியவை. ராஜபாளையத்துக்கு 2005-இல் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. எனக்கு லாப்ரடார் பிடித்திருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை, அதை அப்படியே சொல்லிவிட்டேன். பனிப்பிரதேசத்து ஹஸ்கியைக் கத்திரி வெயிலுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் மட்டும் வீட்டாரின் மறுப்பைக் கேட்டு நிறுத்திக்கொள்வது அந்த நாய்க்குச் செய்யும் உதவி.

படி 5: மற்றக் கேள்விகளுக்கு ஏற்பாட்டோடு பதில் சொல்லுங்கள்

“நாய் நுழைஞ்ச வீட்டுல சாமி தங்குமா?” என்று அப்பாயி கேட்டார். குத்தாலம் பக்கத்து க்ஷேத்திரபாலபுரத்துப் பைரவருக்கு வாகனமே நாய்தானே என்று கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொன்னேன். “அது கோயில்ல நிக்கிது, என் அடுப்பங்கரையில நிக்கலை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வாதத்தால் ஆகாதது ஒரு தச்சரால் ஆனது: சமையலறைக்கும் பூஜை அறைக்கும் போகும் வழியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பிக் கதவு போட்டோம்; குட்டிக்குக் கொல்லைத் தாழ்வாரம் என்று முடிவானது. உங்கள் வீட்டிலும் எல்லையை நீங்களே முன்கூட்டி வரைந்து காட்டுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெறிநோய்ப் பயம் வரும். அது நியாயமான பயம். தடுப்பூசி அட்டையைக் காட்டி, ஆண்டுதோறும் ஊசி போடும் பொறுப்பு யாருடையது என்று பெயரோடு சொல்லுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். வைத்தியத்துக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு, பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தையும், பெரிய தொல்லை என்றால் ஒரத்தநாட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியையும் தாளில் எழுதிக் காட்டினேன்.

சாப்பாட்டு விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டும், ஏனெனில் இங்கே எதிர்ப்பவர்களைவிடப் பாசம் காட்டுபவர்களால்தான் ஆபத்து. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே சாம்பார் சாதமும் மீன் குழம்புச் சாதமும் கூடாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், சர்க்கரைப் பொங்கலும் பாயசமும் உலர்திராட்சையோடு அதன் தட்டுக்குப் போய்விடக் கூடாது. சாக்லேட்டும், வேகவைத்த கோழி எலும்பும் ஆகா. இதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். அப்பாயிக்கு வாசிக்க வராது என்பதை மறந்துவிட்டேன், பிறகு வாயால் சொன்னேன்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால்

குட்டியை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, அதன் முகத்தைப் பார்த்து மனம் இளகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மனம் இளகும்தான், ஆனால் முடிவெடுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டீர்கள் என்ற வருத்தம் நாயைவிட நீண்ட நாள் அந்த வீட்டில் இருக்கும். பேருந்தில் ஏறுவதற்கு முன்பாவது தொலைபேசியில் விலையோடு சொல்லிவிடுங்கள். முன்பே குறைத்துச் சொல்லியிருந்தால், ரசீதைக் கையில் கொடுத்துத் திருத்துங்கள். நான் ரசீதையும் பெரியப்பாவின் 5,000 ரூபாயையும் சேர்த்து அப்பாவின் முன் வைத்தேன். அவர் விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, “இப்ப அண்ணன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் நானே பெரியப்பா வீட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பொய் என்னுடையது என்று சொன்னேன்.

படி 6: குட்டி வரும் நாளும் அதற்குப் பிறகும்

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நீங்கள் விடுப்பு எடுத்து ஊரில் இருங்கள். முதல் இரவு குட்டி அழும், அந்த அழுகைக்கு எழுந்திருக்க வேண்டியவர் நீங்கள்தான். தடுப்பூசிகள் முடியும்வரை தெரு நாய்களோடு சேரவிடாதீர்கள், பார்வோ அப்படித்தான் தொற்றுகிறது.

உறவினர்கள் விலையைக் கேட்பார்கள். அந்தப் பதிலை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். எங்கள் அப்பா இன்றும் கல்யாண வீடுகளில் 15,000 ரூபாய் என்றுதான் சொல்கிறார். நான் திருத்துவதில்லை, அந்த விலைக்கு வாங்கித் தருவதாக மட்டும் யாரிடமும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.