பழைய பிக்கப்பில் ஹீட்டரும் ஏசியும் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

பழைய பிக்கப் வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்போம், டயரைப் பார்ப்போம், அடியில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்தும் பார்ப்போம். ஜூன் மாதத்தில் வாங்கினால் ஹீட்டரைப் போட்டுப் பார்க்கத் தோன்றாது. டிசம்பர் காலையில், மிச்சிகன் குளிரில், கண்ணாடியில் பனி உறைந்து கிடக்கும்போதுதான் உள்ளே வருவது வெறும் சில்லென்ற காற்று என்று தெரியவரும்.

1997 முதல் 2003 வரை வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் அவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, உதிரி பாகங்களும் சுலபமாகக் கிடைக்கின்றன. அதே வயதுள்ள வேறு பிக்கப் என்றால் பாகங்கள் இருக்கும் இடம் மாறும், பார்க்கும் முறை பெரும்பாலும் இதுதான்.

எதையும் வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள். காற்று வருகிறதா? வரும் காற்று சூடாகவோ குளிராகவோ இருக்கிறதா? நாம் கேட்ட பக்கத்தில் வருகிறதா? மூன்றும் வேறு வேறு பாகங்களின் வேலை. இதைப் பிரிக்காமல் பாகம் மாற்றத் தொடங்கினால் பணம்தான் கரையும்.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டியின் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே சுமார் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கொதிக்கும் திரவம் இருக்கிறது, திறந்ததும் முகத்தில் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கையோ சட்டை நுனியோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: காற்று

உள்ளே காற்றடிக்கும் ஃபேனை, அதாவது ப்ளோயரை, ஒவ்வொரு வேகத்திலும் வைத்துப் பாருங்கள். கடைசி வேகத்தில் மட்டும் ஓடி மற்றவற்றில் ஓடவில்லை என்றால் ப்ளோயர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது, முழு வேகத்துக்கு அது தேவையில்லை. அதனால்தான் இப்படி. மாற்றும்போது அதில் செருகும் கனெக்டரையும் கவனியுங்கள். பிளாஸ்டிக் உருகிக் கருகியிருந்தால் மோட்டார் அளவுக்கு மேல் மின்சாரம் இழுக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் புது ரெசிஸ்டரும் சில மாதங்களில் போய்விடும்.

எந்த வேகத்திலும் ஓடவில்லையா? ஃபியூஸ், அப்புறம் ரிலே, அப்புறம் மோட்டார். ஸ்விட்ச் போட்டிருக்கும்போது மோட்டாரின் உடம்பில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். உடனே சுற்றத் தொடங்கினால் உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, மோட்டாரை மாற்ற வேண்டியதுதான். இந்தக் காலத்துப் பிக்கப்புகள் பெரும்பாலானவற்றில் உள்காற்றுக்கு ஃபில்டர் கிடையாது. காய்ந்த இலை, பைன் ஊசி எல்லாம் நேராக ப்ளோயருக்குள் விழும். குளிர்காலத்தில் எலி கூடு கட்டுவதும் உண்டு. கடகடவென்று சத்தம் வந்தால் மோட்டாரைக் கழற்றி உள்ளே பாருங்கள். எலிக்கூடு இருந்தால் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நனைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தத் தூசியை சுவாசிப்பது ஆபத்து.

இரண்டாம் படி: சூடு

எஞ்சினில் சூடேறிய கூலண்டின் ஒரு பகுதி டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன் மேல் அடிக்கும் காற்றுதான் நமக்கு வரும் சூடு. இதற்காக பயணி பக்கத்தில், எஞ்சின் அறையின் பின்சுவர் வழியாக இரண்டு ரப்பர் ஹோஸ்கள் உள்ளே போகும். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்த இரண்டு ஹோஸ்களை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள். ஹீட்டர் கோர் உயரத்தில் இருப்பதால் அளவு குறைந்ததும் முதலில் காய்வது அதுதான். நண்பர் ஒருவரின் வண்டிக்கு ஹீட்டர் கோர் போய்விட்டது, டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். நாங்கள் தொட்டியைத் திறந்து பார்த்தால் அடியில்தான் கொஞ்சம் கூலண்ட். தளர்ந்த ஒரு கிளாம்ப் வழியாக மாதக்கணக்கில் கசிந்திருந்தது. கிளாம்பை இறுக்கி, கூலண்ட் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினோம். அரை மணி நேரத்தில் சூடு வந்துவிட்டது. கூலண்ட் வகை முக்கியம், வண்டியின் கையேட்டில் சொன்னதையே ஊற்றுங்கள்.

அளவு சரியாக இருந்தால் பதினைந்து, இருபது நிமிடம் வண்டியை ஓட்டிச் சூடாக்குங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு ஹோஸ்களையும் தடித்த கையுறை போட்டுத் தொட்டுப் பாருங்கள். கைக்கு அடக்கமான வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டும் வெதுவெதுப்பாகவே இருந்து, டேஷ்போர்டில் வெப்ப முள்ளும் மேலே ஏறாமல் கிடந்தால் தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வு, திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. அது சுமார் 90 டிகிரி செல்சியஸில்தான் திறக்க வேண்டும். விலை குறைந்த பாகம், சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம். ஒரு ஹோஸ் சுடச்சுட, இன்னொன்று ஆறிப்போய் இருந்தால் ஹீட்டர் கோர் அடைத்திருக்கிறது. இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தோட்டத்துக் குழாய்த் தண்ணீரை மெதுவான வேகத்தில் எதிர்த்திசையில் விட்டால் பழுப்பு நிறச் சேறு வரும். தெளிந்த தண்ணீர் வரும்வரை விடுங்கள். வேகத்தைக் கூட்டினால் பழைய கோர் கிழிந்துவிடும். வெளியே வரும் கூலண்டை ஒரு தொட்டியில் பிடியுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது அவற்றைக் கொன்றுவிடும்.

இரண்டு ஹோஸ்களும் நன்றாகச் சுட்டும் உள்ளே குளிர்காற்றுதானா? அப்படியானால் பிளெண்ட் டோர், அதாவது காற்றைக் கோர் பக்கமாகத் திருப்பிவிடும் உள்கதவு அசையவில்லை. வெப்பத் திருகை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பி, டேஷ்போர்டில் காது வைத்துக் கேளுங்கள். டக் டக் என்று வந்தால் அதை நகர்த்தும் சின்ன மோட்டாரின் பிளாஸ்டிக் பற்கள் உடைந்திருக்கலாம்.

பயணி பக்கக் கால்விரிப்பு நனைந்திருந்தால் முகர்ந்து பாருங்கள். இனிப்பு வாசனையும், கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போன்ற மங்கலும் இருந்தால் கோர் கசிகிறது. கோடையில் வாசனையில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி நீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது, வளையும் கம்பி விட்டுக் குத்தினால் போதும்.

மூன்றாம் படி: திசை

இந்த எஃப்-150 வண்டிகளில் காற்றை முகத்துக்கும் காலுக்கும் கண்ணாடிக்கும் மாற்றுவது எஞ்சினிலிருந்து வரும் வேக்குவம், அதாவது உறிஞ்சும் விசை. மேடு ஏறும்போது ஏசி காற்று தானாகக் கண்ணாடிப் பக்கம் போய்விட்டு, சமதரை வந்ததும் திரும்பி வந்தால் வேக்குவம் எங்கோ கசிகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சினில் வேக்குவம் குறையும். அந்த நேரத்தில் சேமித்து வைத்ததைக் கொண்டு சமாளிக்க ஒரு சிறு தொட்டியும், ஒருவழி வால்வும் உண்டு. கசிவு இருந்தால் சேமிப்பு நிற்காது. வேக்குவம் போனால் காற்று கண்ணாடிக்குப் போகும்படி வடிவமைத்தது நல்ல யோசனை. ஏசி கெட்டாலும் பார்வை மறையாது.

எஞ்சின் அறையில் பேட்டரிக்கு அருகே ஓடும் மெல்லிய குழாய்களை முதலில் பாருங்கள். பேட்டரி அமிலமும் சூடும் பட்டு அவை நொறுங்கிப்போகும். அந்தத் துண்டை வெட்டிவிட்டு அதே அளவு ரப்பர் குழாய் போட்டால் சில டாலரில் வேலை முடியும். ஒருவழி வால்வை வாயில் வைத்து ஊதுங்கள், ஒரு பக்கம் மட்டும்தான் காற்று போக வேண்டும்.

நான்காம் படி: குளிர்

ஏசி குளிராவிட்டால் உடனே கேஸ் (ஏசிக்குள் சுற்றிக் குளிரூட்டும் வாயு) கேன் வாங்க ஓடாதீர்கள். ஏசியை முழுக் குளிரில் போட்டுவிட்டு, அந்தக் கேஸை அழுத்தும் கம்ப்ரசரின் முன்பக்கத்தைத் தள்ளி நின்று பாருங்கள். வெளிவட்டம் எப்போதும் சுற்றும். நடுவில் இருக்கும் தட்டும் சேர்ந்து சுற்றினால்தான் கம்ப்ரசரை பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் பிடித்திருக்கிறது. பிடித்துப் பிடித்துச் சில நொடிகளில் விட்டால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். தாழ் அழுத்தப் பக்கத்தில் உள்ள ஒரு ஸ்விட்ச், அழுத்தம் விழுந்ததும் கம்ப்ரசரை நிறுத்திக் காப்பாற்றுகிறது. காலையில் நன்றாகப் பிடித்து, எஞ்சின் சூடானதும் பிடிக்காமல் போனால் கிளட்ச் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கலாம். நெடுஞ்சாலையில் குளிர்ந்து சிக்னலில் சூடானால் கேஸை விட்டுவிட்டு முன்னால் உள்ள கண்டென்சரில் (ஏசியின் சூட்டை வெளியே விடும் பாகம்) அடைத்த தூசியையும், எஞ்சின் ஃபேனைச் சுழற்றும் ஃபேன் கிளட்சையும் பாருங்கள்.

அழுத்தமானி இருந்தால், வண்டி பல மணி நேரம் நின்ற பிறகு, எஞ்சின் அணைந்த நிலையில் பாருங்கள். 27 டிகிரி செல்சியஸில் ஆர்-134ஏ கேஸ் சுமார் 87 பிஎஸ்ஐ காட்டும். மிகவும் குறைந்திருந்தால் கிட்டத்தட்ட காலி. ஆனால் சரியாகக் காட்டினாலும் அளவு சரி என்று சொல்ல முடியாது. துளி திரவம் உள்ளே இருந்தாலும் அதே எண்தான் காட்டும்.

கேஸ் தானாகத் தீர்ந்துபோகாது, கசிந்துதான் போகும். இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும் இடம் கசியும் இடம். கசிவை அடைக்கும் மருந்து கலந்த கேன்களை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அவை பட்டறை இயந்திரங்களைக் கெடுக்கும், அப்புறம் பல இடங்களில் உங்கள் வண்டியைத் தொடவே மறுப்பார்கள். கேஸை வேண்டுமென்றே வெளியே திறந்துவிடுவது அமெரிக்காவில் சட்டவிரோதம். கசிவை அடைத்தபின், பழைய கேஸை எடுத்து, வேக்குவம் போட்டு ஈரத்தை நீக்கி, எடை பார்த்து நிரப்பும் வேலையைக் கருவி உள்ளவரிடம் கொடுங்கள். எத்தனை பவுண்டு போட வேண்டும் என்பது பானட்டின் கீழ் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். அது உரிந்துபோவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.