மட்டக்களப்பு மீன் மலைக்கு வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லொறியில் வரும் மீனைச் சமைத்துப் பழகிய மலைநாட்டுக் கை, மட்டக்களப்பில் உறவினர் வீட்டு அடுப்படியிலும் கொறக்காயையும் மிளகாய்த்தூளையும் அள்ளிப் போடும். அது வாடையை அடக்கும் பக்குவம். அன்று கரைவலையில் வந்த பாரைக்கும் விளைமீனுக்கும் சொதியே போதும். வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சளோடு இரண்டாம் பால் கொதித்ததும் மீன் துண்டுகளைப் போட்டு 8 முதல் 10 நிமிடம், பிறகு முதற்பால். இறக்கிய பின்தான் தேசிக்காய்ப்புளி. முந்தினால் பால் திரைந்துவிடும்.

டிசம்பர் விடுமுறையில் போய் அறுக்குளா தேடுவதும் பெரும்பாலும் வீண். வடகீழ்ப் பருவக்காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். ஏப்ரல், ஆகஸ்ட் விடுமுறையே கடல்மீனுக்கு நல்லது.

உண்மையான ஆபத்து திரும்பும் பயணத்தில்தான். காலையில் வாங்கிய சூரையை, கெலவல்லாவை, கும்பளாவை வெறும் பையில் போட்டு பஸ் ஏறுகிறார்கள். செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வரை நல்ல வெக்கை. அந்தச் சூட்டில் இவ்வகை மீன்களில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற நஞ்சை உண்டாக்கும். மீன் நாறாமலே இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் உறைய வைத்தாலும் நஞ்சு அழியாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலையிடித்தால் “மீன் ஒத்துக்கொள்ளவில்லை” என்று விட்டுவிடாதீர்கள்; மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதுளைக்கு ஏறியதும் குளிர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மீனுக்கு வேண்டியது 4 பாகை செல்சியஸுக்கும் குறைவான குளிர்.

வாங்கிய இடத்திலேயே செவுளையும் குடலையும் எடுத்து, இரத்தம் போகக் கழுவுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். நொறுக்கிய ஐஸை வயிற்றுக்குள்ளும் அடைத்து, தடித்த பொலித்தீன் பையில் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் கீழும் மேலும் ஐஸ் போட்டு மூடியை டேப்பால் ஒட்டுங்கள். வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து உடனே உறைய வையுங்கள். ஐந்து கிலோவை ஒரே கட்டாகத் திணித்தால் நடுப்பகுதி உறைய வெகுநேரமாகும். நண்டை மட்டக்களப்பிலேயே உயிரோடு வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவது நல்லது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து வீட்டுக்குக் கருவாடே பொருத்தம். ஆனால் மலை ஈரத்தில் அது சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் கண்ட நாளில் மறுபடி காயவைத்து, சூடு ஆறியபின் காற்றுப் புகாத டின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும்.