தெரிந்த சொல்லே தடுமாற வைக்கும்: நோயாளர் வினாத்தாளை வட்டார வழக்குக்கு ஏற்ப அமைக்கும் முறை

உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்து நோயாளரிடமும், ஆனையூர், திருவாதவூர் மறுவாழ்வு முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரிடமும் ஒரே வினாத்தாளைக் கொடுக்க நினைப்பவர், இரு சாராரும் தமிழர்தானே என்று இருந்துவிட முடியாது. புரியாத சொல்லால் பெரிய கேடில்லை; "அப்படின்னா என்னண்ணே?" என்று யாராவது கேட்டுவிடுவார். வேறு பொருளில் புரிந்துகொள்ளப்படும் சொல்தான் யார் கண்ணிலும் படாமல் மதிப்பெண்ணை மாற்றிவிடுகிறது.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 வினாத்தாளையே எடுத்துக்கொள்வோம். கடந்த 2 வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் மருத்துவர் மேலும் விசாரிப்பது வழக்கம். இதை மொழிபெயர்க்கத் தனி அனுமதி தேவையில்லை. உடல்நிலை சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் ஈக்யூ-5டி போன்ற தாள்கள் அப்படியல்ல. உரிமையாளரைக் கேட்காமல் அவற்றில் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது.

புதிதாக மொழிபெயர்க்க வேண்டாம். கையிலுள்ள தமிழ்த் தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் அருகே அது எதை அறிய விரும்புகிறது என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சொற்களைச் சந்தேகக் கண்ணோடு பாருங்கள். "வருத்தமாக இருந்ததா?" என்று கேட்டால் மதுரைக்காரர் மனத்துயரை நினைப்பார், இலங்கைத் தமிழருக்கு வருத்தம் என்பது நோய், ஆகவே காய்ச்சலில் படுத்தவர்கூட ஆம் என்று குறிக்கலாம். அங்கே "இரண்டு கிழமை" என்றால் 14 நாள். இங்கே கிழமை என்பது வெள்ளி, சனி போன்ற நாளின் பெயர். ஒரே வட்டாரத்துக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. கவலையை அளக்கும் ஜி.ஏ.டி-7இன் 6ஆம் கேள்வி எளிதில் சினம் வருவதைப் பற்றியது. அதை "எரிச்சல்" என்று மட்டும் அச்சிட்டால், சர்க்கரை நோயாளி தம் உள்ளங்கால் எரிச்சலைச் சொல்லிவிட்டுப் போவார். "இளைப்பு" என்றால் ஒருவருக்கு மூச்சிரைப்பு, இன்னொருவருக்கு உடல் மெலிவு.

இத்தகைய பிழையை, தமிழிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துச் சரிபார்க்கும் முறை பெரும்பாலும் பிடிப்பதில்லை. மொழிபெயர்ப்பவர் தமக்குப் பழகிய பொருளையே ஆங்கிலத்தில் தருவார், தாளும் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே ஒவ்வொரு வழக்கிலிருந்தும் 5 முதல் 8 பேரையாவது அழைத்து, ஆண், பெண், முதியவர் எனக் கலந்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் காட்டுங்கள். "புரிந்ததா?" என்று கேட்கவே வேண்டாம், படித்தவர் முன்னால் யாரும் புரியவில்லை என்று சொல்வதில்லை. "இதையே உங்கள் வீட்டில் உள்ளவரிடம் எப்படிக் கேட்பீர்கள்?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். "மனசு சரியில்ல", "சோறு இறங்கல" என்பன போன்ற தொடர்கள் அப்போதுதான் கிடைக்கும்.

கிடைத்ததை எல்லாம் அச்சில் ஏற்ற வேண்டாம். பேச்சுவழக்கை அப்படியே அச்சிட்டால் படிக்கத் தடுமாற்றமாக இருக்கும், சிலருக்குக் கேலியாகவும் படும். தாள் எளிய பொதுத்தமிழில் இருக்கட்டும். வாய்விட்டுக் கேட்கும் செவிலியருக்கு, எந்தக் கேள்விக்கு எந்த மாற்றுச் சொல்லைச் சொல்லலாம் என்று ஒரு துணைத்தாள் கொடுங்கள். அதற்கு வெளியே அவர் தாமாக விளக்கம் சொல்லக் கூடாது.

பி.எச்.க்யூ-9 தரும் விடைகளில் ஒன்றான "பாதி நாட்களுக்கு மேல்" என்பதில் பலர் திகைப்பார்கள். 14 புளியங்கொட்டைகளைக் கொடுத்து, அப்படி இருந்த நாட்களைத் தனியே ஒதுக்கச் சொல்லலாம். எத்தனை கொட்டைக்கு எந்த விடை என்பதை மட்டும் முன்பே எழுதி முடிவுசெய்துவிடுங்கள்.

அதே தாளில் சாவைப் பற்றிய 9ஆம் கேள்வியை நாகரிகம் கருதி மழுப்பக் கூடாது. "போய்ச் சேர்ந்தாத் தேவல" என்பது எங்கள் பக்கத்து முதியவர்களின் அன்றாடப் புலம்பல் என்பதால், அந்தத் தொடரை வைத்தே கேள்வியை அமைப்பதும் தவறு. தெளிவான சொற்களில் கேட்டு, விடை 0 அல்லாத எவரையும் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வது யார் பொறுப்பு என்பதை, தாளை முதன்முதலாகக் கொடுப்பதற்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும்.