ஊதச் சொன்னால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் வண்டி ஓட்டப்போகும் சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு

பொங்கலுக்கோ குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்கோ திருச்சியில் வந்திறங்கி, உறவினர் வீட்டுக் காரை வாங்கி ஓட்டும் நம்மவர்களில் பலர், மது விஷயத்தில் சிங்கப்பூர் அளவையே மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். இங்கே 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால்தான் வரம்பு மீறல். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், 185ஆவது பிரிவில், அந்த வரம்பை 30 மில்லிகிராமாக வைத்திருக்கிறது. ஆகவே சாங்கியில் தயக்கமின்றி வண்டியெடுக்கும் நிலையில் இருக்கும் ஒருவர், அதே அளவு குடித்துவிட்டுத் தஞ்சாவூர்ச் சாலையில் குற்றவாளியாகலாம். ஒரு பீர்தானே என்ற கணக்கு அங்கே செல்லாது.

மூச்சில் மது இருக்கிறதா என்று கருவியில் ஊதச் சொல்லும் சோதனைக்கு நிறுத்தப்படும்போது, ஊதமாட்டேன் என்று மறுக்கலாம் எனச் சிலர் நம்புகிறார்கள். அது தவறு. நீங்கள் மது அருந்தியிருப்பதாகச் சந்தேகிக்கத் தக்க காரணம் இருந்தால், சீருடையில் உள்ள காவல் அதிகாரி உங்களை ஊதச் சொல்லலாம் என்று 203ஆவது பிரிவு சொல்கிறது. மறுப்பவரை வாரண்டு இல்லாமலேயே கைது செய்யவும் அது இடம் தருகிறது. அதோடு, தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பே வழக்கில் உங்களுக்கு எதிரான சான்றுக்கு வலுச் சேர்க்கும் என்கிறது 205ஆவது பிரிவு. மறுத்துத் தப்பிக்க வழியில்லை என்பதால், சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பதில்தான் உங்கள் உரிமைகள் இருக்கின்றன.

ஊதுவதற்குமுன் கருவியில் புதிய ஊதுகுழலைப் பொருத்தச் சொல்லுங்கள். திரையில் தெரியும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆல்கஹால் கலந்த வாய்கொப்பளிப்பு மருந்தையோ இருமல் மருந்தையோ சற்றுமுன் பயன்படுத்தியிருந்தால் அதை உடனே சொல்லிவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள். சாலையில் அதற்கு இணங்காமல் உங்களைக் கைது செய்தாலும், காவல் நிலையத்தில் மீண்டும் ஊத வாய்ப்பளிக்க வேண்டும் என்று அதே 203ஆவது பிரிவு கூறுகிறது. இரத்தச் சோதனையும் செய்வதானால், மாதிரியைப் பதிவு பெற்ற மருத்துவரே எடுக்க வேண்டும். ஓட்டியவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், இன்னொரு பெண் உடனிருக்கும்போதுதான் எடுக்கலாம்.

பலருக்கும் தெரியாதது 202ஆவது பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவின்கீழ் போதையில் ஓட்டியதாகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும்; தவறினால் விடுவிக்க வேண்டும். ஆகவே கைதான நேரத்தைக் கவனித்து வைத்துக்கொள்வது வீண் வேலையல்ல. கைதுக்கான காரணத்தைக் கேட்கவும், உறவினருக்குத் தகவல் தெரிவிக்கவும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும் உங்களுக்கு உரிமையுண்டு. போதையில் ஓட்டுவது பிணையில் விடக்கூடிய குற்றம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் வைத்திருப்போர் சென்னையிலுள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரகத்தின் எண்ணைக் கைப்பேசியில் முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும் விதிக்கலாம். சாலையிலேயே சமரசக் கட்டணம் செலுத்தி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் 185ஆவது பிரிவு இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போகும். எனவே அங்கேயே பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவர் சீருடையில் இருந்தாலும் உடன்படாதீர்கள். சிங்கப்பூர் திரும்பும் தேதி நெருங்கியிருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஓட்டுநர் உரிமத்தை அதிகாரி கைப்பற்றினால், தற்காலிக ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும்; ஆனால் அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்ட முடியாது.

உரிமத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் உரிமத்தோடு, சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கம் வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். காருக்கான மூன்றாம் வகுப்பு உரிமம் மட்டும் உள்ளவர் மச்சானின் புல்லட் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், குடிக்காமலிருந்தாலும் உரிமமின்றி ஓட்டியவராகவே ஆவார். அந்த நிலையில் வண்டியையே பிடித்து வைக்க 207ஆவது பிரிவு இடம் தருகிறது.

உடன் வருகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. போதையில் ஓட்டத் தூண்டுபவருக்கும் உடந்தையாக இருப்பவருக்கும் ஓட்டியவருக்குரிய அதே தண்டனையை விதிக்கலாம் என்கிறது 188ஆவது பிரிவு. குடித்த மருமகனிடம் சாவியை நீட்டும் மாமா இதை நினைவில் கொள்ள வேண்டும். விருந்து உண்டு என்று தெரிந்தால், முதல் நாளே ஆக்டிங் டிரைவர் (கூலிக்கு உங்கள் வண்டியை ஓட்டித் தருபவர்) ஒருவரைச் சொல்லி வைத்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு, கிராமத்துத் தோப்பில் இருந்துகொண்டு தேடினால் ஆள் கிடைப்பது அரிது.