மூணு கிலோ மணகோலம் 45 கோடி ரூபாய்

புரோகிராமிங் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது என்று என்னிடம் வருகிறவர்கள், எந்த மொழி நல்லது, எந்த லேப்டாப் வாங்கலாம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க வீட்டுல என்ன கணக்கு ஓடுது?" பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, மொய் நோட்டு, எதுவானாலும் சரி. ஏற்கெனவே கையால் போட்டு விடை தெரிந்த கணக்காக இருக்க வேண்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் பலகாரம் போட்டு விற்கிறவள். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மணகோலம், தேன்குழல், சீப்புச்சீடை, அதிரசம். முன்பு ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டி சி மொழி படித்தேன். நாலு மாதமும் நோட்ஸ் எழுதச் சொன்னார்கள். கீபோர்டில் கை வைத்த நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சி மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட இன்று ஞாபகமில்லை.

41 வயதில் மறுபடி தொடங்கியபோது பைத்தானை எடுத்தேன். கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட மொழி, இலவசம். எந்த மொழி என்று வாரக்கணக்கில் யோசிக்காதீர்கள், இதையே எடுங்கள். அக்கா மகளுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினியே எனக்குப் போதுமானதாக இருந்தது. அதுவும் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு செயலி. விண்டோஸில் நிறுவும்போது 'பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் தென்பட்டால் டிக் போட்டுவிடுங்கள். கூடவே ஐடில் என்ற ஜன்னல் வரும். அதைத் திறந்து இதை அடியுங்கள், தமிழிலேயே:

விலை = 450
எடை = 3
விலை * எடை

எண்டர் தட்டினால் 1350. ஆமாம், பெயர்களைத் தமிழில் வைக்கலாம், பைத்தான் 3 ஏற்கும். நடுவில் இருக்கும் சமக்குறியைப் பள்ளிக்கூடக் கணக்கு மாதிரி படிக்காதீர்கள். 'விலை' என்று சீட்டு ஒட்டிய சம்படத்தில் 450-ஐப் போட்டு வை என்று அர்த்தம். நாளைக்கு வெல்லம் விலை ஏறி 480 போட்டால் பழைய 450 போய்விடும்.

அடுத்து, விலையை நாமே தட்டச்சு செய்து கொடுக்கிற மாதிரி மாற்றுங்கள். அதற்கு 'இன்புட்' (ஆங்கிலத்தில் input) கட்டளை. நானும் மாற்றினேன். 450 அடித்தேன். மூணு கிலோவுக்கு வந்த பில் 450450450. நாற்பத்தைந்து கோடியே நாலு லட்சத்துச் சொச்சம்! என் ஆர்டர் கணக்கு நோட்டில் 1350 என்று இருந்ததால்தான் சிரித்தேன். கீபோர்டில் அடிப்பதை எல்லாம் இன்புட் எழுத்தாகத்தான் வாங்கும். எழுத்தை மூன்றால் பெருக்கச் சொன்னால் மூன்று தடவை எழுதிக் காட்டும். 'இன்ட்' என்ற கட்டளைக்குள் அதை அடைத்தால் எண்ணாகும். இந்தத் தப்பு கண்ணைப் பறித்தது; இருபது முப்பது ரூபாய் இடிக்கிற தப்பு அப்படிப் பறிக்காது. விடை தெரிந்த கணக்கு என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான்.

சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். 'நேம் எரர்' என்றால் அப்படி ஒரு பெயரை நீங்கள் வைக்கவே இல்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. 'டைப் எரர்' என்றால் எழுத்தையும் எண்ணையும் கூட்டிப் பார்த்திருப்பீர்கள். எனக்கு இங்கிலீஷ் வராதே என்று தயங்குகிறவர்களுக்கு: பைத்தான் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்களே 35தான். முதல் மாதத்துக்கு அதில் ஏழெட்டு போதும்.

பிறகு 'இஃப்': ஐந்து கிலோவுக்கு மேல் போனால் விலையில் இருபது ரூபாய் குறை. பிறகு 'ஃபார்': ஆர்டர்களைப் பட்டியலாக வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டு. இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். ஃபாருக்குக் கீழே நாலு இடம் தள்ளி எழுதிய வரிகள் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஓடும். தள்ளாமல் எழுதியது கடைசியில் ஒரே தடவை. மொத்தத்தைக் காட்டும் வரியை நான் தள்ளி எழுதிவிட, ஏழு ஆர்டருக்கு ஏழு மொத்தம் வந்து நின்றது. பட்டியலில் முதல் ஆர்டரின் எண் 1 இல்லை, 0. இதற்குக் காரணம் உண்டு, இப்போது வேண்டாம், பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை. நீளம் பார்க்கும் 'லென்' கட்டளையிடம் 'அம்மா' என்ற சொல்லைக் கொடுத்தால் 5 என்கிறது. நமக்கு மூன்றெழுத்து. அது புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. இது தெரியாமல் ஒரு முழுச் சாயங்காலத்தைத் தொலைத்தேன்.

வீடியோ பார்ப்பதைப் பற்றி. பாகுப் பதம் பார்த்தா வருகிறது? தண்ணீர்க் கிண்ணத்தில் சொட்டுவிட்டு விரலால் உருட்டினால்தான் வரும். ஐந்து நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள், பார்க்காமல் அடியுங்கள். தமிழ் விளக்கத்துக்கு ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் இருக்கிறது. கணியம் தளத்தில் தமிழிலேயே படிக்கலாம். நன்றாகக் கை பழகிய பிறகு, சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம், ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் இலவசம். அது ஆங்கிலத்தில், கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். ஏஐயிடம் கேட்கலாமா என்கிறார்கள். பிழைச்செய்திக்கு விளக்கம் கேளுங்கள். புரோகிராமையே எழுதித் தரச் சொன்னால் பலகாரம் கடையில் வாங்கின மாதிரிதான்.

எனக்குக் கிடைத்தது தினம் அடுப்பு அணைத்த பிறகு முக்கால் மணி நேரம். மூன்றாவது மாதம் ஆர்டர்களைக் கோப்பில் சேமிக்கிற வரை வந்துவிட்டேன். நீங்களும் அங்கே வருவீர்கள், அப்போது ஒன்று கவனம். கோப்பைத் திறக்கும்போது 'டபிள்யூ' என்று கொடுத்தால் உள்ளே இருப்பதை வழித்துத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். 'ஏ' என்று கொடுத்தால் கடைசியில் சேர்க்கும். நான் டபிள்யூ கொடுத்தேன். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது 22 ஆர்டர் காணாமல் போனது. நல்லவேளை, எண்ணெய்க் கறை படிந்த பழைய நோட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை. ராத்திரி உட்கார்ந்து அதைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன்.